பாதியில் நிறுத்திய காட்சி

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் உடுப்பு; இருபத்தைந்து வயதிருக்கும். கைபேசியில் ஒரு நகைச்சுவைத் தொடர் பார்த்துக்கொண்டு, சிரிப்பு வரும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலங்கைமான் தாண்டியதும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“அக்கா, இந்தப் பொண்ணு தன் ஃப்ரெண்டுகிட்ட லவ் சொல்லப்போறா. எனக்குப் பாக்க பயமா இருக்கு. நீங்க பாத்துட்டுச் சொல்றீங்களா?”

“வெறும் கதைதானம்மா?”

“காலையில நானும் என் ஃப்ரெண்டுக்கு அதையே மெசேஜ் போட்டுட்டேன். ‘நீடாமங்கலத்துல நிக்கிறேன், வா’ன்னு மட்டும் பதில் வந்திருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். தொடரில் அந்த நண்பன் அதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டான். மறுநாள் வழக்கமான டீக்கடைக்கும் வரவில்லை.

“அவன் சம்மதிச்சிட்டாம்மா” என்றேன்.

என்னையே பார்த்தாள். “உங்க முகம் அப்படிச் சொல்லலையேக்கா. பரவால்ல, இறங்கித்தானே ஆகணும்.”

நீடாமங்கலத்தில் இறங்கி, பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவனை நோக்கி மெதுவாக நடந்தாள். ஹெல்மெட்டுக்குள் அவன் முகம் தெரியவில்லை. அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.