நாற்பத்தொரு வயதில் ஆயா

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால். வெயிலும் இல்லை, மழையும் இல்லை; சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். ஒரு துணிப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். வயது ஏழு. அதுவரை குழந்தைகள் இல்லத்தில் இருந்தவள். பெற்றவள் வெகுநாளாக மருத்துவமனையில். அவள் தேறி வரும்வரை இந்தக் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்க அனுமதி கேட்டது என் மகள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், நாற்பத்தொரு வயது, கூடத்தில் தறி போட்டு நெய்கிறாள். அனுமதி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க வராது.

எனக்கு 'தாத்தா' இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. மகளைத்தான் அவள் 'ஆயா' என்றாள். இல்லத்தில் குளிப்பாட்டி, சோறு போட்டு, தலை வாரிவிடும் பெண்களுக்கு அதுதான் பெயர். எங்கள் ஊரிலோ ஆயா என்றால் பாட்டி. எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"இன்னாம்மா, அம்மா ஆவறதுக்கு முன்னாடியே ஆயா ஆயிட்ட?"

மகளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை "அம்மா" என்றாலும் எங்கள் தறி ஒரு கணம் நின்றுதான் மறுபடி ஓடும். உள்ளறையில் படுத்திருக்கும் எனக்கு அது கேட்கும். கேட்டுக்கொண்டு எத்தனை நாள் படுத்திருப்பது?

மகளுக்குத் தெரியாமல் குழந்தைக்குப் பத்து ரூபாய் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். "அம்மான்னு ஒரு தபா கூப்புடு கண்ணு."

"நாளைக்கு, தாத்தா."

தினம் ஒரு சாக்லேட்டை வாங்கிக்கொண்டு நாளைக்கு, நாளைக்கு என்றே இருபத்துமூன்று நாள் ஓட்டினாள். கடைசியில் நான் கொஞ்சம் அதட்டியதும் உண்மையைச் சொன்னாள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரில இருக்குது. அது வந்தா அத இன்னான்னு கூப்புடறது?"

சொல்லிவிட்டு நேரே தறிக்குப் போய், "ஆயா, உன்ன அம்மான்னு கூப்புட தாத்தா சாக்லேட் குடுக்குது" என்று போட்டுக் கொடுத்தாள்.

மகள் திரும்பாமலே கேட்டாள்: "இன்னாபா, காசு குடுத்து அம்மா பட்டம் வாங்கித் தரியா எனக்கு?"

அடுத்த வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைக்கு மூவரும் போனோம். விடிந்தும் விடியாத நேரம், தேரடியில் நகர முடியாத கூட்டம். குழந்தையின் கை என் கையில் இருந்தது. குடைகள் அசைந்து வந்தன. எல்லோரும் கை குவித்தார்கள். கும்பிட இரண்டு கை வேண்டுமே, விட்டுவிட்டேன். கும்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தால் அவள் இல்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினோம். அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு: "மஞ்சள் கவுன் போட்ட ஏழு வயசுப் பொண்ணு... கூட வந்த வயசான ஆயா எங்க இருந்தாலும் போலீஸ் உதவி மையத்துக்கு வரவும்."

உதவி மையப் பந்தலுக்குள் மேசைக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டு நின்றது. தாண்டிப் போகவிருந்த மகளைப் பெண் போலீஸ் கை நீட்டி மறித்தார்.

"இருங்கம்மா. பாப்பா ஆயாவத்தான் கேட்டுக்கினு இருக்குது. நீங்க யாரு, அம்மாவா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு அப்படியொரு சந்தர்ப்பம் வேறு கிடைக்கப்போவதில்லை. ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். மகள் குழந்தையைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நான்தான் ஆயா."

பெண் போலீஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் குழந்தை மேசைக்கு அடியில் புகுந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அப்புறம்தான் அனுமதிக் கடிதத்தைக் காட்டினோம்.

திரும்பும் வழியில் பெட்டிக்கடையைப் பார்த்ததும் குழந்தை என் வேட்டியை இழுத்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். மகள் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தாள்.

தெருவில் யாராவது "அம்மா" என்றால் இப்போதும் தறி நிற்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு நான் செய்த செலவு, பெட்டிக்கடைச் சாக்லேட்டையும் சேர்த்து, இருநூற்று நாற்பது ரூபாய்.