முப்பது ஜிபி இடம் எடுத்துக் குடுத்த கதை

கம்ப்யூட்டர் பாக்கிறது எண்டது, மற்றவை அழிக்கப் பயப்பிடுறதை அவைக்காக அழிச்சுப்போட்டு ஏச்சு வாங்கிற தொழில். உங்களில ஆராவது சொந்தக்காரருக்குள்ள "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்" எண்டு பேரெடுத்திருந்தால் என்ர பக்கத்தில வந்து இருங்கோ. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தான்.

நான் டென்மார்க்கில, ஹோர்சன்ஸ் எண்ட ஊரில ஒரு வெயார்ஹவுஸ் ஒப்பீசில வேலை. போன இலையுதிர் காலம் கம்ப்யூட்டர் எல்லாம் புது சிஸ்டத்துக்கு மாறினது. மாறேக்கை அது பழைய சிஸ்டத்தை அப்பிடியே ஒரு ஃபோல்டரில கட்டி ஒரு மூலையில வைக்கும். அதுக்கு முப்பது ஜிபி போயிடும். டிஸ்க் நிறைஞ்சு சிவப்புக் கோடு வரும், கோடு வந்தால் எனக்குப் போன் வரும்.

கன்டீன் மெனு

முதல் போன் பக்கத்து மேசை யென்ஸ். டெனிஷ்காரன், நல்ல மனுசன், ஒண்டையும் எறியமாட்டான். வேலைக்குச் சேர்ந்த நாள் தொடக்கம் கன்டீன்காரர் அனுப்பின மெனு எல்லாத்தையும் கிழமை கிழமையாச் சேர்த்து வைச்சிருக்கிறான்.

எதையும் அழிக்க முதல் ஒரு பிரதி எடுக்கிறது என்ர சட்டம். அதுக்கெண்டே ஒரு டிஸ்க் எப்பவும் என்ர பையில கிடக்கும். இந்த மெனுவுக்கும் பிரதி எடுக்கவேணுமோ எண்டு கேட்டன். அவன் சொன்னான்: "எடு. அதை எடுக்காமல் விட்டால் பிறகு நீதான் கவலைப்படுவாய்."

நாலு கொப்பி

பிறகு ரண்டர்ஸில ஒரு வீடு. அங்க டிஸ்க் நிறைஞ்சதுக்குப் பழைய சிஸ்டம் மட்டும் காரணம் இல்லை. மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோ நாலு கொப்பி இருக்கு. ஆலாத்தி எடுக்கிறது மட்டும் முக்கால் மணித்தியாலம். ஒண்டை வைச்சுக்கொண்டு மூண்டை அழிப்பம் எண்டன். தாய் மவுசைப் பிடிச்சுக்கொண்டா, விடுறா இல்லை.

மகளுக்கு இப்ப இருபத்தாறு வயசு. சோஃபாவில இருந்து போனில கிடந்த கண்ணை எடுக்காமல் டெனிஷில, "எல்லாத்தையும் அழியுங்கோம்மா," எண்டாள். தாய் என்னைப் பாத்துத் தமிழில சொன்னா: "இவள் கலியாணம் கட்டட்டும் பிள்ளை, பிறகு அழிப்பம். அதுவரைக்கும் எனக்கு இது ஒண்டுதானே இருக்கு."

ஹொல்ஸ்டெப்ரோவில ஒரு ஞாயிறு

இனிச் சொல்லப்போறதைச் சிரிச்சுச் சொல்ல என்னால ஏலாது.

செல்வராசா அண்ணை ஹொல்ஸ்டெப்ரோவில இருக்கிறார், பென்சன் எடுத்திட்டார். அந்தப் பக்கத்தில ஆற்ற வீட்டில செத்தவீடு நடந்தாலும், முப்பத்தொராம் நாள் வாற ஆக்களுக்குக் குடுக்கிற நினைவு மலரை எழுதிக் குடுக்கிறது அவர்தான். இந்த முறை மலர் அவற்ற மனுசிக்கு. ராணியக்கா போய் மூண்டரைக் கிழமை. வாற சனிக்கிழமை முப்பத்தொராம் நாள்.

"புது சிஸ்டம் வந்த பிறகு தமிழ் எழுதுற புரோகிராம் திறக்குதில்லை, இடம் காணாது எண்டு காட்டுது," எண்டார். மலர் முழுக்க எழுதி முடிச்சாச்சு, அச்சுக்கு அனுப்பவேணும். ரெயின் பிடிச்சுப் போனன். திரும்பிற ரெயினுக்கு நாப்பது நிமிசம்தான் இருந்தது. பிரதி எடுக்கிற டிஸ்க் பையில கிடந்தது. எடுத்தால் ரெயின் போயிடும், அடுத்ததுக்கு ரெண்டு மணித்தியாலம் நிக்கவேணும். பழைய சிஸ்டம்தானே எண்டு நினைச்சன். அந்த ஃபோல்டரை முழுசா அழிச்சன். சிவப்புக் கோடு நீலமாச்சு. புரோகிராமைத் திறந்து பாக்கக்கூட நேரம் இல்லை. அண்ணை வாசல் வரைக்கும் வந்து என்ர பையைத் தூக்கித் தந்தார்: "நீ வராட்டி என்ன செய்திருப்பன், பிள்ளை."

செவ்வாய்க்கிழமைப் போன்

செவ்வாய்க்கிழமை அண்ணையிட்ட இருந்து போன் வந்தது. புரோகிராம் இன்னும் திறக்கேல்லை, மலரையும் காணேல்லை. லீவு போட்டிட்டு ஓடினன்.

அது பழைய புரோகிராம், எழுதினதையெல்லாம் தன்ர ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிற வகை. புது சிஸ்டம் அதை ஏற்காமல் பழசோட சேர்த்துக் கட்டி வைச்சிருக்கு. கட்டினதை நான்தான் எறிஞ்சனான். நான் தொடாமல் விட்டாலும் பத்து நாளில அது தானா அழிஞ்சிருக்கும் எண்டு எனக்கு நானே சொல்லிப் பாத்தன். ஆனால் அந்தப் பத்து நாளுக்குள்ள சனிக்கிழமை வந்திருக்குமே. பொழுதுபடுமட்டும் எல்லா வழியிலயும் தேடினன். அழிஞ்சது அழிஞ்சதுதான்.

வாழ்க்கை வரலாறு, நன்றி எல்லாம் திருப்பி எழுதலாம் எண்டார். ஒரு பக்கம்தான் ஏலாதாம். ராணியக்கா ஆசுப்பத்திரியில இருக்கேக்கை, "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் எழுதுறியள், என்ர பக்கத்தை நானே சொல்லுறன்," எண்டு சொல்லச் சொல்ல, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து டைப் பண்ணினவராம். என்ன சொன்னவ எண்டு கொஞ்சமும் ஞாபகம் இல்லையோ எண்டு கேட்டன். கேட்டிருக்கக் கூடாது. அண்ணை கீபோர்ட்டைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "நான் எழுத்துப் பிழை பாத்துக்கொண்டிருந்தனான், பிள்ளை. அவ சொன்னதைக் கேக்கேல்லை."

சனிக்கிழமை

ரெண்டு நாள் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினன். அக்கா சொன்ன பன்னிரண்டாம் பக்கத்தை வெறுமையா விடச் சொன்னார். ஒரு படமாவது போடுவம் அண்ணை எண்டு கெஞ்சினன். மாட்டன் எண்டிட்டார்.

சனிக்கிழமை மண்டபத்தில சாப்பாடு முடிஞ்சு மலர் குடுத்தினம். நான் பின்வரிசையில இருந்தன், ஆற்ற முகத்தையும் பாக்க ஏலேல்லை. எனக்கு முன்னால இருந்த ஒருத்தர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்திட்டு, "அண்ணை, ஒரு பக்கம் அச்சு விழேல்லை," எண்டு எழும்பி நிண்டு காட்டினார். கையில மலர்க் கட்டோட நிண்ட அண்ணை திரும்பி என்னைப் பாத்தார். இப்ப சொல்லப்போறார் எண்டு தலையைக் குனிஞ்சன். அவர் என்ர பேரை எடுக்கேல்லை. "அச்சுப் பிழை இல்லைத் தம்பி, அது அவ கதைச்ச பக்கம்."

இப்ப ஆராவது போன் எடுத்துச் சிவப்புக் கோடு வந்திட்டுது எண்டால், நல்ல வடிவான கோடு, அப்பிடியே வைச்சிருங்கோ எண்டுதான் சொல்லுறன்.