செயலற்ற நேரம், முப்பத்தொரு நிமிடம்

கேள்வியைக் கேட்டுவிட்டுத் தெல்லெர்வோ ஹுத்துனென் வாயை மூடிக்கொள்கிறார். இனி லேசில் திறக்க மாட்டார். கம்பளிக் காலுறைக்குள் கால்விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மடங்குகின்றன. பத்தும் முடிந்தால் மறுபடி சுண்டுவிரலிலிருந்து. "பதில் வயித்துலேர்ந்து வாய்க்கு வர நேரமாகும். நீங்க குறுக்கப் பேசினா பாதி வழியிலயே திரும்பிப் போயிரும்." ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் சொல்லிக்கொடுக்கும் தத்துவம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதாம்.

பின்லாந்தின் கைனு வட்டாரத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் "குளிர்தான்" என்றால், "ஆமா" என்று பதில் வருவதற்குள் ஒரு கோப்பை காபி குடித்து முடிக்கலாம். விசித்திரம் 2020 மார்ச்சில் தொடங்கியது. பள்ளிகளைப் பூட்டினார்கள், பயிற்சிக் கல்லூரியையும் பூட்டினார்கள். கணவர் பென்டி நாள் முழுக்க வானொலியோடு வாழ்பவர். ஆகவே தெல்லெர்வோ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, வீட்டில் சத்தமில்லாத ஒரே இடமான சவுனாவுக்குக் குடிபோனார். ஆறிக் கிடக்கும் அந்த நீராவிக் குளியலறையின் மேல்பலகையில்தான் இப்போது கல்வியியல் துறை இயங்குகிறது. சனிக்கிழமை மட்டும் துறைக்கு விடுமுறை. அன்று அடுப்பு மூட்டுவார்கள்.

இரண்டாவது வாரம் அந்தச் சம்பவம் நடந்தது. அவர் கேள்வி கேட்ட மறுநொடி இணைப்பு அறுந்து, மாணவர்களின் திரையில் அவர் முகம் அப்படியே நின்றுபோனது. உதடு மூடியிருந்தது, கண் நேராகப் பார்த்தது. பதின்மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்ப்பா, யாருக்குமே சந்தேகம் வரலையா?" என்றார், ஒருவழியாகத் திரும்ப நுழைந்ததும்.

"நீங்க பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சோம், தெல்லெர்வோ" என்றான் ஆப்போ என்ற மாணவன்.

"எவ்வளவு நேரமா?"

"பதினோரு நிமிஷம். கடைசி நிமிஷத்துல எனக்குப் பதிலே தெரிஞ்சுபோச்சு."

அன்று அவருக்குக் கண் கலங்கியதாகப் பென்டி சொல்கிறார். ஓய்வு பெறப்போகும் வயதில் ஓர் ஆசிரியைக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

இணையவழிக் கற்பித்தலின் ஒருங்கிணைப்பாளர் யர்க்கோவுக்கு அது பெருமையாகப் படவில்லை. அவர் உடனே ஒரு மென்பொருளை இறக்கினார். வகுப்பில் யார் எத்தனை நொடி பேசினார்கள் என்று அது அளந்துகொண்டே இருக்கும். எட்டு நொடி யாரும் வாய் திறக்காவிட்டால் சிவப்புக் கோடு போடும். அதற்கு அவர் வைத்த பெயர் 'செயலற்ற நேரம்'.

ஏப்ரல் கடைசியில் ஆப்போவின் இறுதிப் பயிற்சிப் பாடம். ஆறாம் வகுப்புக் குழந்தைகள், அவரவர் வீட்டில், திரைக்கு முன்னால். "ஒரு எண்ணைப் பாதியால வகுத்தா அது ஏன் பெரிசாகுது?" என்று கேட்டுவிட்டு, கற்ற கல்விக்குத் துரோகம் செய்யாமல் வாயை மூடிக்கொண்டான். நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தில் முப்பத்தொரு நிமிடம் சிவப்பு. 'பாடம் நடைபெறவில்லை' என்று மென்பொருள் தீர்ப்பெழுதியது. தேர்ச்சி கிடைக்காவிட்டால், வடக்கே ஒரு பள்ளியில் ஆகஸ்டுக்கு அவனுக்கென்று வைத்திருக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

மதிப்பீட்டுக் குழு கூடியது. திரையில் ஐந்து பேர், பின்னால் ஐந்து புத்தக அலமாரிகள். ஆறாவது கட்டத்தில் சவுனா.

"பெரிய விஷயம் ஒண்ணுமில்ல, தெல்லெர்வோ" என்றார் யர்க்கோ. "பையன் இன்னொரு தடவ எடுக்கட்டும். நடுநடுவுல எதையாவது பேசிக்கிட்டே இருக்கச் சொல்லு. பச்சையா வந்துரும்."

"எதையாவதுன்னா?"

"'அருமை', 'ரொம்ப நல்லது', அந்த மாதிரி."

"வானிலை அறிக்கை வாசிக்கலாமா?"

"தாராளமா."

யர்க்கோவுக்குக் கிண்டல் உறைக்கவில்லை. அவருடைய மென்பொருளிலும் அதற்கென்று தனிக் கோடு கிடையாது.

"அந்த முப்பத்தொரு நிமிஷம் புள்ளைங்க என்ன செஞ்சாங்கன்னு நீ பாத்தியா? நான் பாத்தேன். ஒருத்தி எழுந்து போயி ஆறு ரொட்டி கொண்டாந்து பாதி பாதியா வெட்டினா. பன்னெண்டு துண்டு. ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், 'எத்தன ரொட்டின்னு கேக்கல, எத்தன பாதி இருக்குன்னு கேக்குறீங்க'ன்னா. அதக் கேட்டு இன்னும் நாலு பேரு ரொட்டி எடுக்கப் போனாங்க. ஒம் பெட்டியில அவளுக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

யர்க்கோ தேடிப் பார்த்தார். "நாலு நொடி."

"பாடமே அந்த நாலு நொடிதான்யா."

"அறிக்கை சிவப்பா இருந்தா நான் தேர்ச்சி போட முடியாது. விதி எல்லாருக்கும் ஒண்ணு."

"நீ யாரு போடறதுக்கு?"

பூட்டிய அவசரத்தில் எல்லா விதிகளையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மறந்திருந்தார்கள். பயிற்சியின் முடிவைப் பயிற்றுநரே தாளில் தம் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. அதன் எண்ணையும் உட்பிரிவையும் தெல்லெர்வோ சொன்னார். ஐந்து அலமாரிகளும் வாயடைத்து நின்றன. எட்டு நொடி கடந்து கூட்டத்துக்கே சிவப்புக் கோடு விழுந்தது.

அதற்குள் அவர் முழங்கால் மேல் படிவத்தை விரித்து, 'தேர்ச்சி' என்று பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறைக்குள் தள்ளியிருந்தார்.

"பசை எடுத்துக்க, தெல்லெர்வோ" என்றார் யர்க்கோ பதறிப்போய். "நாக்கால ஒட்டக்கூடாது. கிருமி பரவும்னு சுற்றறிக்கையே வந்திருக்கு."

தெல்லெர்வோ உறையைக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்து, நாக்கை நீட்டி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, அவசரமே படாமல் நக்கினார்.