கும்மர் என்றொரு சொல்

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு ஜெர்மன்காரி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ். அங்கே லேபில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவள் ஜெர்மன் சொல்லித் தந்தாள். நல்ல ரசாயனப் புத்தகங்கள் அந்த மொழியில்தான் இருக்கின்றன என்றார் அவர். வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்குவாள். என் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்கு சிவந்து தோல் உரிந்திருக்கும். அதுகூட எனக்கு அழகாகத் தெரிந்ததுதான் ஆத்திரம்.

கருப்பட்டிக் காப்பியை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போவேன். காது மட்டும் முன்னறையிலேயே இருக்கும். முந்தின வருஷம் எங்கள் முதல் பிள்ளை, ஒரு மகள், இறந்தே பிறந்திருந்தது. அதன்பின் உப்பு, விறகு தவிர என்னிடம் வேறொன்றும் பேசாத மனிதர் அவளிடம் அத்தனை பேசினார்.

ஒருநாள் அவர் தணிந்த குரலில் "கும்மர், கும்மர்" என்று சொல்வது கேட்டது. எங்கள் பக்கத்தில் குமரு என்றால் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். அவள் போனதும், யார் வீட்டுக் குமரைப் பற்றிப் பேச்சு என்று கேட்டேன்.

"குமரு இல்லட்டி. அவிய பாஷையில துக்கத்துக்கு அப்படி ஒரு சொல்லு."

யாருக்கு என்ன துக்கம் என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் நம்பவில்லை. அடுத்த வியாழன் அவர் வரத் தாமதமானது. அவளிடமே கேட்டேன். அவள் தன் புத்தகத் தமிழில் நிதானமாகச் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் நாட்டில் அது முதலில் ஆற்றின் குறுக்கே போட்ட தடுப்பாம். ஜெர்மனுக்கு வந்தபோது வழியை அடைக்கிற கல்லும் மண்ணும், இடிபாட்டுக் குவியல். பிறகு பாரம். கடைசியில் மனசின் பாரம். ஒருவரைக் கவனித்துக்கொள்வதற்கான சொல்லும் அதிலிருந்தே வந்ததாம்.

உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அவள் வீடு இடிந்தபோது அம்மா உள்ளே இருந்தாள். அவளும் தங்கையும் தெருப் பெண்களும் வரிசையாக நின்று வாளி வாளியாகச் செங்கலைக் கைமாற்றி எடுத்தார்களாம். அம்மா கிடைக்க வெகுநாள் ஆனதாம். அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"உங்கள் குழந்தையைப் பற்றி அவர் சொன்னார். அவருடைய துக்கத்தைத் தமிழில் சொல்ல முடியவில்லை. அதனால் நான் இந்தச் சொல்லைக் கொடுத்தேன்."

அவருக்கு நிஜமாகவே ஒரு குமரு இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பொறாமை வந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தவள் பாடத்துக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் வந்து செருப்பைக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன். "எனக்க வயித்துல கெடந்த பிள்ளைக்கு, எனக்குத் தெரியாத பாஷையிலயா அழுதிய?"

பேச்செடுத்தால் நான் உடைந்துபோவேன் என்று பயந்ததாகச் சொன்னார்.

"எனக்கிட்ட சொல்லுங்க. தமிழில சொல்லுங்க."

வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அவளிடம் சொன்னதையெல்லாம் எனக்கும் சொன்னார். பிள்ளையைப் பார்க்க வேண்டாமென்று என்னைத் தடுத்துவிட்டிருந்தார்கள், அவர்தான் பார்த்தார். தலை நிறைய முடியாம். கால் இரண்டாம் விரல் என்னுடையதைப் போல நீண்டிருந்ததாம். தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றி, கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதிலோரம் அவரே குழி தோண்டி வைத்தாராம். சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். விடிந்ததும் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமைப் பாடம் தொடர்ந்தது. நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் நல்லவள், எனக்குத் தெரியும். ஆனாலும் என் மகளின் தலைமுடியைப் பற்றி அவர் வாயிலிருந்து அவள்தான் முதலில் கேட்டாள், நான் பிறகுதான் கேட்டேன். அவள் மாற்றலாகிப் போன பின்னும் எனக்கு அது ஆறவில்லை.