அசையாத இகுவானா

என் கணவரின் அக்கா பாரிஸிலிருந்து வந்து எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் எங்களோடு இருக்கத் தொடங்கிய நாலாம் மாதம், பெரிய பல்லி ஒன்று வளர்க்கப்போவதாகச் சொன்னார்.

"ஏன் மச்சாள், பூனை வளர்க்கலாமே?"

"பூனை மயிர் பட்டால் தம்பிக்கு மூச்சு இழுக்கும். பல்லிக்கு மயிர் இல்லை."

பதில் சரிதான். ஆனால் முதலே ஆயத்தமாக வைத்திருந்த பதில் போலப் பட்டது. பாரிஸில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "வீட்டு வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர் அவர்.

சாப்பாட்டு மேசையில் மூன்று படங்களைப் பரப்பினார். ஒன்று ஆப்பிரிக்க உடும்பு. பூச்சியும் இறைச்சியும் தின்னும், மண்ணைக் கிண்டிக்கொண்டே இருக்கும். மற்றது தேகு என்கிற தென்னமெரிக்கப் பல்லி; முட்டை, பழம் தின்னும், ஆளை அறிந்து பின்னால் வரும், ஆனால் குளிர்காலம் முழுக்கப் படுத்துவிடும். மூன்றாவது பச்சை இகுவானா. இலைதழைதான் உணவு, வாலோடு ஆறடி வரை வளரும், ஏறித்திரிய உயரமான கூடு வேண்டும்.

"உடும்பு வேண்டாம்," என்றேன். "வாற சனம் கறிக்கோ எண்டு கேட்கும்."

எந்தப் பல்லிக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்றெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். எங்கே படித்தீர்கள் என்றேன். யூடியூப் என்றார். வீடியோ கோல் எடுக்கவே தம்பியைக் கூப்பிடுகிறவருக்கு யூடியூப்பா? நான் நம்பவில்லை.

அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடைக் கண்ணாடியில், 'இகுவானா, நாலு வயது, மிகவும் சாது' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. தேகுவா இகுவானாவா என்ற கேள்வி அதோடு முடிந்தது. மச்சாளைத் தனியே விட மனமில்லாமல் நானும் அதை விற்கிறவர் இருந்த லூயிஷாமுக்குப் போனேன்.

கதவைத் திறந்த தமிழ் ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னறைக் கூட்டுக்குள் பல்லி கண்ணை மூடிக் கிடந்தது. அறை குளிரில் விறைத்தது.

"தங்கமான மிருகம் அக்கா. தூக்கினாலும் அசையாது."

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள ஒன்று அவ்வளவு சாதுவாக இருக்குமா?

மச்சாள் அதன் வயிற்றுக்குக் கீழே கையை விட்டார். "குளிருது. ஏன் லைட் போடேல்லை?"

"பல்ப் நேற்றுத்தான் போனது."

பல்பின் மேல் தூசி தடிப்பாகப் படிந்திருந்தது. மச்சாள் கைப்பையைத் திறந்து புது வெப்ப பல்ப் ஒன்றை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவரைச் சந்தேகித்த நேரமெல்லாம் அவர் இந்த ஆளைச் சந்தேகித்திருக்கிறார்.

அரை மணித்தியாலம் காத்திருந்தோம். பல்லி கண்ணைத் திறந்தது, தலையை உயர்த்தியது. கொப்பில் ஏறப் பார்த்தபோது பின்னங்கால்கள் நடுங்கி, தொப்பென்று விழுந்தது.

"அது கொஞ்சம் பஞ்சி பிடிச்சது, ஏறச் சோம்பல்," என்றார் அவர்.

"பஞ்சி இல்லை. லைட் இல்லாம எலும்பு மெலிஞ்சு போச்சு. எத்தனை நாளா இருட்டுக்குள்ள கிடக்குது?"

அவர் நிலத்தைப் பார்த்தார். கூட இருந்த பெடியன் வீடு மாறியபோது விட்டுவிட்டுப் போனதாம். இதைப்பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாதாம். "கரண்ட் பில்லுக்குப் பயந்து மாரிக்குளிர் முழுக்க லைட்டை நிப்பாட்டி வைச்சிட்டன்."

இனி வேண்டாம் என்று எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மச்சாள் தன் கம்பளிச் சால்வையை விரித்துப் பல்லியைச் சுற்றித் தூக்கினார்.

திரும்பி வந்த டாக்ஸியில் அவராகவே சொன்னார். பாரிஸில் ஒரு கிழவியின் வீட்டில் வேலை செய்தாராம். அங்கே இருந்த இகுவானாவை ஒன்பது வருடம் இவர்தான் பார்த்தாராம். கிழவி செத்து மூன்றாம் நாள், மகன் பெட்டியோடு வந்து அதைக் கொண்டுபோய்விட்டானாம்.

"எங்க கொண்டுபோனவன்?"

"கேட்கேல்லை. நான் வேலைக்காரிதானே."

மச்சாளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கால்கள் முழுதாக நிமிராது, ஆனால் பிழைக்கும் என்றார் மிருக வைத்தியர். மச்சாள் தன் அறையின் பாதியை அதற்குக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு காலை, இலை வைக்கப் போன என் மணிக்கட்டில் அது வாலால் விளாசியது. சிவந்த தடிப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். மச்சாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்ல பெலம் வந்திட்டுது," என்றார்.