செங்கல்பட்டு தாண்டாத வண்டி

வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் எல்லோரும் முதலில் "எவ்வளவு?" என்று கேட்பார்கள், அந்தக் கார் பேட்டரியில் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் "எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. உங்களில் யாராவது பேட்டரி வண்டி வாங்கிவிட்டு, சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டயருக்குக் காற்றடிப்பவர் என்று வரிசையாக எல்லோரும் துக்கம் விசாரிக்க, நடுவில் நின்றவராக இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் எல்லாம் ஒரே கேஸ்.

என் பெயர் சேகர். வீடு எர்ணாவூர், எண்ணூர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கம். பத்தொன்பது வருஷம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினேன். ஹார்பர் க்யூவில் முன்னால் நிற்கும் டிரெய்லரின் டீசல் புகையைக் குடித்துக் குடித்தே பாதி ஆயுசு போயிற்று. ஒருநாள் போதுமடா சாமி என்று இறங்கி, ஒரு பேட்டரி காரை வாங்கி, ராயபுரத்தில் ஒரு கார் ஸ்டாண்டில் சேர்ந்தேன். அங்கே ஆரம்பித்தது வம்பு.

கரும்பலகை

எங்கள் ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் வருகிற டிரைவர் தன் பெயரைத் தானே சாக்பீஸால் எழுத வேண்டும். இடது பக்கம் லோக்கல், வலது பக்கம் வெளியூர். எழுதிய வரிசைப்படிதான் சவாரி, அதில் சண்டை கிடையாது. முதல் நாள் நான் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வலது பக்கத்தில் என் பெயர் இருந்த இடத்தில் ஈரத்துணி துடைத்த தடம்.

துடைத்தவர் ஸ்டாண்டுத் தலைவர் தேசப்பன். கெட்டவர் இல்லை. ஸ்டாண்டு வண்டி சவாரியோடு நடுவழியில் நின்றால் அத்தனை பேர் மானமும் கப்பலேறிவிடும் என்று பயப்படுகிறவர். மறுநாளும் எழுதினேன், துடைத்தார். அதற்கு மறுநாளும். இப்படியே எட்டு மாதம். நான் எழுதாத நாள் இல்லை, அவர் துடைக்காத நாள் இல்லை. நாற்பதடி டிரெய்லரை மூன்று மாநிலம் இழுத்துக்கொண்டு போனவனை 'நீ லோக்கல்' என்று ஓரம் கட்டினால் எரிச்சல் வருமா வராதா? எனக்கு வந்தது. என்ன காரணம் என்று நேராகவே கேட்டேன்.

"மாமு, உன் வண்டி சோக்காத்தான் கீது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது செங்கல்பட்டு தாண்டாது."

புகை யாருக்கு, கரெண்டு யாருக்கு

ஸ்டாண்டு கொடுக்காவிட்டால் என்ன, என் சொந்த போனுக்கு வரும் சவாரியை யார் துடைப்பது? எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நண்டு வியாபாரம் செய்யும் காசியம்மா என் நிரந்தர வாடிக்கை. ஒருநாள் அவரை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போகும் வழியில், தெற்கே ஒரு பெரிய மாலில் வண்டியைச் சார்ஜில் போட்டேன். அந்தப் பக்கம் ஒவ்வொரு மாலிலும் வேகமாக ஏற்றும் சார்ஜர் நாலைந்து நிற்கிறது. கரெண்டு தயாராகும் எங்கள் ஊரில் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் இருக்கிற சார்ஜும் தீர்ந்துவிடும்.

பக்கத்தில் காரை நிறுத்திய ஒரு பெரிய மனிதர், கையில் காபியோடு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். இந்தக் கரெண்டும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறதாம், நான் புகையை ஒழிக்கவில்லையாம், எண்ணூர் பக்கம் தள்ளிவிடுகிறேனாம், அங்கே இருக்கும் ஜனங்களைப் பற்றி யோசித்தேனா என்றார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பின் சீட்டில் இருந்த காசியம்மா கண்ணாடியை இறக்கினார்.

"சாமி, அந்தப் பொகைய இத்தினி வருசமா நாங்கதான் துன்னுகினு கீறோம். சாம்பல் எங்களுக்கு, கரெண்டு உங்களுக்கா? இப்பத்தான் எங்காளு ஒருத்தன் அதுல கொஞ்சூண்டு திருப்பி எடுத்துக்கிறான், எடுக்கட்டும் வுடு."

ஏலகிரி இறக்கம்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருந்து ஒரு குடும்பத்தை ஏலகிரிக்கு அழைத்துப்போனேன். ஏறும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் சார்ஜ் கரைந்ததை முன் சீட்டில் இருந்த குடும்பத் தலைவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஐம்பத்தி ரெண்டு, ஐம்பது, நாற்பத்தி ஏழு. அவர் எண்ண எண்ண, பின்னால் இருந்த பெண்கள் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் இறங்கும்போது நடந்ததுதான் வேடிக்கை. இந்த வண்டியில் இறக்கத்தில் காலை எடுத்தால் சக்கரம் சுற்றுகிற சுற்றில் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும். அடிவாரம் வருவதற்குள் நாலு பர்சென்ட் கூடியிருந்தது. மனுஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஆட்டோக்காரன் மாதிரி மீட்டர்ல சூடு வெச்சிக்கிறியா?"

நூறு பர்சென்ட்

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. டிரெய்லர்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: டேங்க் விளிம்பு வரை நிறையாமல் ஹார்பர் க்யூவில் நுழைய மாட்டோம். உள்ளே போனால் இரண்டு நாள் ஆகுமா மூன்று நாள் ஆகுமா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழக்கத்தை நான் காருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன். மாதவரம் பால்பண்ணைக்காரர் ஒருவர் மகனுக்குப் பெண் பார்க்க விழுப்புரம் போனார். திண்டிவனத்தில் சார்ஜ் போட்டேன். எண்பது வரை மளமளவென்று ஏறியது. பேட்டரிக்கு ஒரு குணம், எண்பதுக்கு மேல் சொட்டு மருந்து மாதிரிதான் உள்ளே வாங்கும். விழுப்புரம் போக எண்பதே தாராளம். பிளக்கைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. நூறு ஆகட்டும், நூறு ஆகட்டும் என்று இன்னொரு முக்கால் மணி நேரம் நின்றேன். நூறும் வந்தது, ராகு காலமும் வந்தது. பால்பண்ணைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காரிலிருந்து வெற்றிலைத் தட்டோடு இறங்கி, சார்ஜர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அதான் ராவு காலம் ஆரம்பிச்சிட்சே, இன்னும் ஒன்றர மணி நேரம் கீது. சும்மா நிக்காத, நூத்தி இருவதா ஏத்து."

ஆளுயர மெழுகுவர்த்தி

பிலோமினா அக்கா ராயபுரம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷனின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அவருக்கு ஒரு வேண்டுதல். ஆபரேஷனும் முடிந்து, மெழுகுவர்த்தியும் சொல்லிச் செய்து வந்துவிட்டது. அவர் கார் கேட்டு ஸ்டாண்டுக்கு வந்த நாள் பெரிய முகூர்த்தம், ஸ்டாண்டில் அத்தனை வண்டியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மிச்சம் நான்தான். தேசப்பன் பலகையைப் பார்த்தார். அன்றைக்கு என் பெயரைத் துடைக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் சரி என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வழியில் நின்றால் லோக்கல் பக்கத்திலும் பெயர் எழுத வேண்டாம், அப்படியே வேறு ஸ்டாண்டு பார்த்துக்கொள் என்றார். அப்படியே ஆகட்டும் என்றேன். வீம்புதான், வேறென்ன.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அக்கா, புருஷன், மகன், மருமகள், நடுவில் டேஷ்போர்டு முதல் பின் கண்ணாடி வரை நீட்டிப் படுத்த மெழுகுவர்த்தி. சாயங்காலம் ஆறு மணிப் பூசைக்குள் அதை ஏற்ற வேண்டும். சிதம்பரத்தில் சார்ஜ் போடுவது என் கணக்கு. போய்ப் பார்த்தால் சார்ஜர் செத்துக் கிடக்கிறது, திரையில் வெளிச்சமே இல்லை. பேட்டரியில் பன்னிரண்டு பர்சென்ட். அடுத்தது மயிலாடுதுறையில், நாற்பது கிலோமீட்டர். ஏசியை நிறுத்தி மெதுவாக ஓட்டினால் ஓரளவு நெருங்கலாம். ஆனால் உச்சி வெயிலில் ஏசியை நிறுத்தினால் மெழுகுவர்த்தி என்ன ஆவது? அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. துண்டைத் தண்ணீரில் நனைத்து மெழுகுவர்த்தியின் மேல் சுற்றிவிட்டு, "ஏசிய நிறுத்து சேகரு, மெயுவத்திய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சீர்காழி வரும்போது நாலு பர்சென்ட். சாலையோரம் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம். முகூர்த்த நாள் என்பதால்தான் எனக்கு இந்தச் சவாரியே கிடைத்தது, அந்த முகூர்த்தம் அடுத்த நாளும் நீடித்தது என் அதிர்ஷ்டம். மண்டபம் என்றால் கிரைண்டர் இருக்கும், கிரைண்டர் என்றால் பெரிய பிளக் இருக்கும். உள்ளே போய்ப் பெண்ணின் அப்பாவிடம் கையைக் கூப்பினேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கார் கிடக்கட்டும், முதலில் எல்லோரும் பந்தியில் உட்காருங்கள் என்றார். ராத்திரி டிபனுக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்த சமையல்காரர், மாவை வழித்துவிட்டு பிளக்கை எனக்குக் கொடுத்தார். மெழுகுவர்த்தியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மணமகள் அறையில் ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். கிரைண்டர் பிளக்கில் கார் நிதானமாகத்தான் குடிக்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மயிலாடுதுறை போகும் அளவுக்கு ஏறியது. கிளம்பும்போது அக்கா மணப்பெண்ணின் பெயரைக் கேட்டு, அவள் பெயரிலும் மாதாவுக்கு ஒன்று ஏற்றுவதாகச் சொன்னார். சமையல்காரர் மட்டும் கடைசி வரை காரையும் கிரைண்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பிளக்குதானா? அப்ப இதையும் முன்னாடியே ஊறப்போட்டு எடுத்துக்கிட்டு வரக்கூடாதா தம்பி!"

நின்னுச்சா?

மயிலாடுதுறைச் சார்ஜர் உயிரோடு இருந்தது. அங்கே நாற்பது நிமிஷம் நின்றோம். க்யூவில் மூன்று நாள் நின்றவனுக்கு அது ஒரு நேரமா? எண்பது வந்ததும் நானே பிளக்கைப் பிடுங்கினேன், நூறுக்கு ஆசைப்படவில்லை. ஐந்தே முக்காலுக்கு வேளாங்கண்ணி. மெழுகுவர்த்தி இடுப்பில் லேசாக வளைந்திருந்தது, ஆனால் ஆறு மணிப் பூசைக்கு நின்று எரிந்தது. ஆபரேஷன் தழும்போடு அந்த மனுஷன் அதன் பக்கத்தில் நின்றதைப் பார்த்தபோது என் கண்ணும் கலங்கியது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் ஸ்டாண்டுக்குத் திரும்பினோம். தேசப்பன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பிலோமினா அக்காவிடம் போய், வழியில் வண்டி எங்கேயாவது நின்றதா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பெண்மணி, தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டாண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நின்னுச்சே! நின்ன எடத்துல எங்க எல்லாருக்கும் எல போட்டு, வடை பாயசத்தோட சோறு போட்டாங்க. போன வருசம் உன் டீசல் வண்டி எங்கள வெச்சிகினு மேல்மருவத்தூர்ல நின்னுச்சே, நீ இன்னா போட்ட?"

அதற்குப் பிறகு வெளியூர்ப் பக்கத்தில் என் பெயரை யாரும் துடைப்பதில்லை, பக்கத்தில் மட்டும் தேசப்பன் தன் கைப்பட 'வழியில் சாப்பாடு உண்டு' என்று எழுதி வைத்திருக்கிறார்.