எல்லை முடிவான பிறகு வந்த தூக்கம்

எங்கள் ஊர் புத்தூர்ப் பக்கம். அது ஆந்திராவோடு இருப்பதா, சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்வதா என்று இழுபறி நடந்த வருஷங்களில், என் கணவர் சென்னையோடுதான் சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் பேசிவிட்டு விடியும்போதுதான் வீடு திரும்புவார். கொஞ்சம் தூங்குங்கள் என்றால், "எல்லை முடிவாவட்டும், தூங்கிக்கலாம்" என்பார். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சாப்பிடுவார். பிள்ளைகள் பேசினால் காதில் விழாது.

முடிவு வந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அதன்பின் படுத்தாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பகலில் படுக்க வேண்டாம், சாயங்காலக் காப்பியை விட்டுவிடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் படுங்கள் என்றார் திருப்பதி டாக்டர். என் கணவரும் அப்படியே செய்தார். மாமரங்கள் பூத்த சமயத்தில் தூக்கம் மெல்லத் திரும்பியது.

ஒரு காலையில் தெளிந்த முகத்தோடு எழுந்து வந்தவர், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மகளையே பார்த்தார்.

"இவ எப்போ இவ்ளோ வளந்தா?" என்று என்னைக் கேட்டார்.

"நீ பாத்துக்கினுதானே இருந்த, நைனா" என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அவள் சிறுமியாக இருந்த நாள் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை.